பனிமலையில் பயறு வேகாது

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், ராக்கி மலைத்தொடர். கடல் மட்டத்திலிருந்து 3,350 மீட்டர் உயரத்தில், ஊசியிலைக் காட்டின் நடுவே ஒரு மரவீடு. பகல் முழுவதும் பனியில் சறுக்கிவிட்டு வந்த எட்டு நண்பர்கள் வாசலில் காலணிகளைத் தட்டி உதறுகிறார்கள். உள்ளே விறகு அடுப்பு கனகனவென்று எரிகிறது. பக்கத்தில் கேஸ் அடுப்பின்மேல் பெரிய பாத்திரத்தில் ராஜ்மா. முந்தின இரவே ஊறவைத்தது. மதியம் இரண்டு மணிக்கே ஒருவர் திரும்பிவந்து அடுப்பில் ஏற்றியது. மூன்று மணி நேரமாகத் தளதளவென்று கொதிக்கிறது. கரண்டியில் ஒரு பயறை எடுத்து நசுக்கிப் பார்க்கிறார்கள். தோல் வழுக்கிக்கொண்டு வருகிறது. உள்ளே இன்னும் நறநறவென்றுதான் இருக்கிறது.

அடுப்பில் குறையில்லை, பயறு பழசும் இல்லை. தண்ணீர் கொதிக்கிறது. ஆனால் அந்தக் கொதிக்கும் தண்ணீரில் போதுமான சூடு இல்லை.

வார இறுதியில் ஒரு மரவீட்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டு இரவு தங்கிப் பனிச்சறுக்கு விளையாடிவிட்டு வருவது அந்தப் பக்கத்து மக்களின் குளிர்காலச் சந்தோஷம். சில வீடுகளுக்கு வாசல்வரை காரில் போகலாம். சிலவற்றுக்குச் சறுக்குப் பலகையில் பல கிலோமீட்டர் ஏறித்தான் போகவேண்டும். பத்தாவது மலைப்படைப்பிரிவின் பெயரைத் தாங்கிய குடில்கள் இந்த இரண்டாம் வகை. இரண்டாம் உலகப்போரில் பனிமலைப் போருக்கென்று அமெரிக்க ராணுவம் உருவாக்கிய படை அது. 1942 முதல் கொலராடோவின் கேம்ப் ஹேல் முகாமில், சுமார் 2,800 மீட்டர் உயரத்தில், அதற்குப் பயிற்சி நடந்தது. அந்தப் படையில் இருந்தவரும் கட்டடக் கலைஞருமான ஃபிரிட்ஸ் பெனடிக்ட் 1980இல் குடில்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார். 1982இல் முதல் இரண்டு குடில்கள் எழுந்தன. இத்தகைய குடில்களில் விறகு அடுப்பு உண்டு, சமையலுக்கு கேஸ் அடுப்பு உண்டு, பாத்திரங்கள் உண்டு. குழாயில் தண்ணீர் மட்டும் கிடையாது. பனியை அள்ளிவந்து உருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட இடத்தில் எட்டுப் பேருக்கு ஐந்து வேளை சாப்பாடு போடுவது சமையல் கைப்பக்குவத்தின் சோதனைபோலத் தோன்றும். உண்மையில் அது இயற்பியலின் சோதனை. மலை சில வேலைகளைச் செய்யவே விடாது. சிலவற்றைத் தாராளமாக விடும். எது எது என்று தெரிந்தவர்களுக்கு இந்தச் சமையல் சுலபம். அவர்கள் வேகவைக்கும் வேலையைக் கீழேயே முடித்துவிட்டு, மேலே போய்ச் சூடுபடுத்த மட்டும் செய்கிறார்கள். பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டிப் பழகிய நமக்கு இந்த யோசனை புதிதல்ல. அதன் பின்னால் இருக்கும் காரணங்கள்தான் வியப்பானவை.

கொதிப்பது வேறு, வேகுவது வேறு

தண்ணீர் ஏன் கொதிக்கிறது? சூடு ஏற ஏற அதன் மூலக்கூறுகள் ஆவியாகி வெளியேறத் துடிக்கின்றன. மேலிருந்து காற்று அவற்றை அழுத்திப் பிடித்திருக்கிறது. ஆவியின் அழுத்தம் காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும் கணத்தில் தண்ணீருக்குள்ளேயே குமிழிகள் பிறக்கின்றன. அதுதான் கொதிநிலை. அதற்குப் பிறகு அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் தண்ணீரின் சூடு ஏறாது. கூடுதல் தீ முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதற்கே போய்விடும்.

சென்னைக் கடற்கரையில் இது 100 டிகிரி. மலையேற ஏற நம் தலைக்குமேல் இருக்கும் காற்று குறைகிறது, அழுத்தம் குறைகிறது, கொதிநிலையும் இறங்குகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொலராடோவின் லெட்வில் நகரம் 3,100 மீட்டர். அங்கே சுமார் 90. நம் மரவீட்டில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அங்கே தண்ணீர் 89 டிகிரியில் கொதிக்கிறது. எவரெஸ்ட் உச்சியில் 70 டிகிரியை ஒட்டியே கொதித்து அடங்கிவிடும்.

இந்தச் சங்கடத்தை டார்வினும் பார்த்திருக்கிறார். 1835 மார்ச்சில் அவர் ஆண்டீஸ் மலையைக் கடந்தபோது ஓரிரவு உயரமான ஓரிடத்தில் தங்கினார். உருளைக்கிழங்கைப் பல மணி நேரம் கொதிக்கவிட்டும் அது கல்லாகவே கிடந்தது. பானையை இரவு முழுக்க நெருப்பிலேயே வைத்திருந்து, காலையில் மறுபடி கொதிக்கவைத்தும் வேகவில்லை. உடன் வந்த இருவர் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பானை புதுசு, அதற்குக் கிழங்கு வேகவைக்கப் பிடிக்கவில்லை. அவர்கள் சொன்ன காரணம் தவறு. ஆனால் பார்த்தது சரி. தண்ணீர் கொதிக்கிறது, கிழங்கு வேகவில்லை என்ற இரண்டு உண்மைகளையும் அவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டார்கள்.

இதற்கான மாற்று அப்போதே ஒன்றரை நூற்றாண்டுப் பழசு. பிரான்ஸில் பிறந்த டெனிஸ் பாப்பேன் 1679இல் லண்டனில், ஆவியை வெளியே விடாமல் இறுக மூடிய ஒரு பாத்திரத்தை உருவாக்கிக் காட்டினார். காற்று அழுத்தாவிட்டால் என்ன, அடைபட்ட ஆவியே அழுத்தட்டும் என்பதுதான் யோசனை. நம் வீட்டு பிரஷர் குக்கர் அதன் வாரிசு. கடற்கரையில் குக்கருக்குள் 121 டிகிரிவரை போகும். அதே குக்கரை நம் மரவீட்டுக்குக் கொண்டுபோனால், வெளிக்காற்றின் பங்கு குறைந்துவிடுவதால், 115 டிகிரிக்கு நின்றுவிடும். அதுவே போதும். 89க்கும் 115க்கும் இடையே இருக்கும் 26 டிகிரிதான் நறநறப்புக்கும் வெண்ணெய்போன்ற குழைவுக்கும் உள்ள தூரம்.

89 டிகிரியில் எதெல்லாம் நடக்கும்?

89 என்பது எல்லாவற்றுக்கும் குறைவான சூடு அல்ல. பொருளுக்குப் பொருள் கணக்கு வேறு.

அரிசியிலும் கோதுமையிலும் இருப்பது மாவுச்சத்து. அது தண்ணீரைக் குடித்து உப்பிக் குழைவதற்கு 65 முதல் 75 டிகிரிவரை இருந்தாலே போதும். அதனால் சோறும் பாஸ்தாவும் மலையில் வேகும். சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். முட்டையின் மஞ்சள் கரு 65 முதல் 70 டிகிரிக்குள் கெட்டியாகிவிடும். வெள்ளைக்கருவின் முக்கியமான புரதம் இறுக 80 டிகிரி போலத் தேவை. ஆகவே வேகவைத்த முட்டையும் கிடைக்கும், இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக விட்டால். இறைச்சியின் கடினமான இணைப்புத் திசுவும் 70 டிகிரியைத் தாண்டினால் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாகும். ஆகவே மலையில் இறைச்சிக் குழம்பும் நடக்கும்.

நடக்காதது பயறு. பயறின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. அந்தப் பசையின் நீண்ட சங்கிலிகள் அறுந்தால்தான் பயறு மசியும். அந்த அறுபடும் வேகம் சூட்டை மிகவும் நம்பியிருக்கிறது. பத்து டிகிரி குறைந்தால் வேகும் நேரம் ஏறத்தாழ இரண்டு மடங்கு, சிலவற்றில் அதற்கும் மேல். இதோடு புளிப்பும் சேர்ந்தால் பசை இன்னும் இறுகிக்கொள்ளும். புளியை முன்னாலேயே ஊற்றினால் பருப்பு வேகாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அது இதுதான். அமெரிக்கர்கள் சில்லி என்று அழைக்கும் ராஜ்மா குழம்பில் தக்காளி தாராளமாக விழும். உயரமும் தக்காளியும் கூட்டுச் சேர்ந்தால் பயறு பிழைத்துக்கொள்ளும், பசித்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

சிவப்பு ராஜ்மாவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதில் இருக்கும் ஒரு லெக்டின் புரதம் வயிற்றைப் புரட்டிப்போடும் நஞ்சு. 100 டிகிரியில் நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். குறைந்த சூட்டில் அரைகுறையாக வெந்த ராஜ்மாவோ பச்சை ராஜ்மாவைவிடவும் கெடுதல் செய்யக்கூடும். தண்ணீரே 89ஐத் தாண்டாத இடத்தில் உலர்ந்த ராஜ்மாவைத் திறந்த பாத்திரத்திலோ, மெல்லிய சூட்டில் நாள் முழுக்க வேகவைக்கும் மின்சாரக் குக்கரிலோ போடவே கூடாது. பிரஷர் குக்கரில் வேகவைக்கலாம். இல்லையென்றால் டின்.

டின்னில் அடைத்த பயறைச் சோம்பேறிச் சமையல் என்று சிலர் ஒதுக்குவார்கள். மலையில் அது மிகப் பொருத்தமான உணவு. தொழிற்சாலையில் டின்னை மூடி முத்திரையிட்ட பிறகு, அழுத்த ஆவியில் சுமார் 121 டிகிரிவரை சூடேற்றுகிறார்கள். அந்த டின்னை மலைக்குக் கொண்டுபோகிறவர், மலையில் எந்த அடுப்பாலும் தர முடியாத ஒரு சூட்டைப் பையில் சுமந்துகொண்டு போகிறார்.

இந்தக் கண்ணோடு கடை அலமாரியைப் பார்த்தால் பல பொருள்களின் அருமை புரியும். தட்டையான ஓட்ஸ் ஆலையிலேயே ஆவியில் வெந்து, உருளைகளுக்கிடையே நசுங்கி வந்தது. நம் அவலுக்கு உறவு. கடையில் விற்கும் கூஸ்கூஸ் ஆவியில் வெந்து உலர்ந்தது. சுடுதண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் ஐந்து நிமிடத்தில் உப்பும். உடனடி நூடுல்ஸ் ஆவியில் வெந்து எண்ணெயில் பொரிந்தது. மைசூர் பருப்பு மட்டும் பச்சையாகவே வருகிறது. ஆனால் தோல் நீங்கி இரண்டாக உடைந்திருப்பதால் மற்றப் பயறுகளைவிடச் சீக்கிரம் மசியும். இவை ஒவ்வொன்றிலும் வேலையின் ஒரு பகுதியாவது வேறெங்கோ முடிந்துவிட்டது.

பனி என்னும் செலவாளி

அடுத்த பாடம் தண்ணீர். வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று பனி. தண்ணீருக்கா பஞ்சம்? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஒரு கிராம் பனிக்கட்டி உருகித் தண்ணீராக 80 கலோரி வெப்பம் வேண்டும். இது பனியிலிருந்து நீராக வடிவம் மாறுவதற்கு மட்டும் ஆகும் செலவு. உருகி முடிக்கும்வரை வெப்பமானி பூஜ்ஜியத்திலேயே நிற்கும். அந்தத் தண்ணீர் மலையில் கொதிக்க இன்னும் 89 கலோரி. ஆக, செலவில் ஏறக்குறைய பாதி, தண்ணீர் துளிகூடச் சூடாவதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது.

எட்டுப் பேருக்கு ஒரு கிலோ பாஸ்தா. சமையல் புத்தகங்கள் சொல்லும் வழக்கப்படி 100 கிராமுக்கு ஒரு லிட்டர் என்றால் பத்து லிட்டர் தண்ணீர். புதிதாக விழுந்த ராக்கி மலைப் பனி பஞ்சுபோல. பத்துப் பன்னிரண்டு பாத்திரம் பனி உருகினால்தான் ஒரு பாத்திரம் தண்ணீர். ஆகவே நூறு லிட்டருக்கு மேல் பனியை அள்ளிவர வேண்டும். அதை உருக்கிக் கொதிக்கவைக்க 1,690 கிலோகலோரி. பாத்திரத்துக்குள் ஒரு கிலோவாட் வெப்பம் போய்ச் சேரும் கேஸ் அடுப்பு என்று வைத்துக்கொண்டால் இரண்டு மணி நேரம். பாஸ்தாவைப் போடுவதற்கு முன்பே இரவு எட்டாகிவிடும். அப்புறம் அந்தத் தண்ணீரில் முக்கால்வாசியை வடித்துக் கொட்டுவோம்.

அனுபவசாலிகள் வேறு வழி பார்க்கிறார்கள். பாஸ்தா வேகும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன: தண்ணீரைக் குடிப்பது ஒன்று, சூட்டில் மாவுச்சத்து குழைவது மற்றொன்று. முதலாவதற்குச் சூடே தேவையில்லை. பச்சைத் தண்ணீரில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஊறவிட்டால் பாஸ்தா தனக்கு வேண்டிய தண்ணீரைக் குடித்துவிடும். பிறகு அதைக் கொதிக்கும் சாஸில் போட்டு இரண்டொரு நிமிடம் கிளறினால் போதும். தண்ணீர், கேஸ், நேரம் மூன்றும் மிச்சம். மூடி போட்டுச் சமைப்பதும் இதேபோல முக்கியம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது 540 கலோரியை எடுத்துக்கொண்டு போகிறது. பனி உருகுவதைப்போல ஆறேழு மடங்கு.

பனியை உருக்குவதிலும் ஒரு கைவேலை இருக்கிறது, கவனித்துப் பார்க்கவேண்டிய ஒன்று. காலிப் பாத்திரத்தில் உலர்ந்த பனியைத் திணித்து அடுப்பில் வைத்தால், அடியில் உருகும் கொஞ்சத் தண்ணீரை மேலிருக்கும் பனி திரிபோல உறிஞ்சிவிடும். அடியில் ஒரு வெற்றிடம் உண்டாகும். பனி கூரைபோல நிற்க, கீழே உலோகம் தனியே காய்ந்து தீயும். தண்ணீரில் புகைவாடை ஏறிவிடும். பனியைத் தீயவிட்ட வாடை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், குடித்தவர்களுக்குத் தெரியும். முதலில் இரண்டு டம்ளர் தண்ணீரை ஊற்றி, அது சூடான பிறகு பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் அந்தத் தண்ணீரே வெப்பத்தைச் சுமந்துபோய்ப் பனியிடம் சேர்க்கும். அதனால்தான் குடிலில் பழகியவர்கள் பாத்திரத்தைக் கடைசிச் சொட்டுவரை காலிசெய்வதில்லை. அடுத்து உருக்கப்போகும் பனிக்கு அதுதான் உறைமோர்.

உடம்பு கேட்பது என்ன?

குளிரில் ஏறி இறங்கும் உடம்பு நிறையச் செலவழிக்கிறது. குளிர்ப்பகுதிகளில் இயங்கும் வீரர்களுக்கு அமெரிக்க ராணுவம் வகுத்திருக்கும் உணவுப் பொதிகள் மூன்று வேளைக்கும் சேர்த்து ஏறத்தாழ 4,500 கிலோகலோரி. வார இறுதி விளையாட்டுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாளைவிடக் கணிசமாகக் கூடுதல் வேண்டும்.

சறுக்கும் தசைகளுக்கு முதல் எரிபொருள் கிளைகோஜன். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து ஏறத்தாழ 400, 500 கிராம்தான் அதன் இருப்பு. சனிக்கிழமை அது கரைகிறது. அன்று இரவு சாப்பிடும் சோறும் ரொட்டியும் பாஸ்தாவும்தான் அதை மறுபடி நிரப்புகின்றன. ஞாயிற்றுக்கிழமைக் கால்களின் தெம்பு சனிக்கிழமை இரவுத் தட்டில் இருக்கிறது. முந்தின இரவு சரியாகச் சாப்பிடாதவர்களுக்குக் கடைசி நாள் மதியம் கால் துவண்டுபோகக்கூடும்.

தாகமோ ஏமாற்றும். குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடம்பின் நடுப்பகுதிக்கு ஒதுங்குகிறது. தண்ணீர் மிகுதியாக இருக்கிறது என்று உடம்பு தவறாகக் கணக்கிட்டுச் சிறுநீராக வெளியேற்றுகிறது. தாக உணர்வும் மங்குகிறது. ஒவ்வொரு மூச்சிலும் வெண்புகையாகத் தெரிவது நாம் இழக்கும் தண்ணீர்தான். தலைவலியோடு வந்து சேர்ந்தவருக்குப் பசியும் இருக்காது. அப்போது அவர் குடிக்கக்கூடியது சூப். தண்ணீரும் உப்பும் உணவும் ஒரே கோப்பையில், மெல்லாமல் உள்ளே போகும்.

ஒரு கேள்வி: சூடான சூப் உடம்பை எவ்வளவு சூடாக்குகிறது? 60 டிகிரியில் இருக்கும் 300 மில்லி சூப் வயிற்றுக்குள் போய் 37 டிகிரிக்கு ஆறும்போது கொடுக்கும் வெப்பம் சுமார் 7 கிலோகலோரி. ஒரு துண்டு ரொட்டி செரிந்து கொடுப்பது ஏறத்தாழ 80. அப்படியென்றால் அந்தக் கதகதப்பு பொய்யா? இல்லை. கோப்பையைப் பிடித்த விரல்களும், உதடும், தொண்டையும் மூளைக்கு அனுப்பும் செய்தி உண்மை. குளிரில் விறைத்தவருக்கு அந்தச் செய்தியே பெரிய ஆறுதல். ஆனால் அந்த இரவு முழுவதும் அவரைக் கதகதப்பாக வைத்திருப்பது சூப்புக்குள் கிடக்கும் பயறும் பார்லியும் வெண்ணெயும். அவை மணிக்கணக்கில் நின்று எரியும் விறகு.

வெள்ளி முதல் ஞாயிறுவரை

இவ்வளவும் தெரிந்த பிறகு திட்டம் தானாக அமைந்துவிடுகிறது.

வெள்ளி இரவு எல்லோரும் களைப்போடு, வேறு வேறு நேரத்தில் வந்து சேர்வார்கள். அன்று யாரும் சமைக்கக் கூடாது. வீட்டில் செய்து, பைகளில் ஊற்றித் தட்டையாக உறையவைத்த சூப், கூடவே ரொட்டி. சனி இரவுக்கான ராஜ்மா குழம்பையும் இப்படியே செங்கல்போல உறையவைத்துக் கொண்டுபோகலாம். வழிநெடுக அந்தக் கட்டிதான் பெட்டியில் இருக்கும் பாலுக்கும் சீஸுக்கும் ஐஸ். மேலே போனதும் அதுவே சாப்பாடு. பனி உருக 80 கலோரி கேட்கிறதே என்று சற்றுமுன் அலுத்துக்கொண்டோம். இங்கே அதே 80 கலோரிதான் பெட்டியை நாள் முழுக்கக் குளிராக வைத்திருக்கிறது. சனி காலை முதல் கட்டியைக் குளிர்ப்பெட்டிக்குள்ளேயே இளகவிட்டால் மாலையில் அடுப்புக்கு வேலை குறையும்.

சனி காலை ஓட்ஸ். முதல் நாள் இரவே பாலில் ஊறவைத்தால் காலையில் சூடாக்கினால் போதும். மேலே உலர்திராட்சை, வாதுமை, வெண்ணெய். டீ பிரியர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள்: 89 டிகிரித் தண்ணீரில் கறுப்புத் தேயிலை முழுவதும் இறங்காது; தூளை ஒரு கரண்டி கூட்டிப்போட்டு நேரம் விட வேண்டும். காபிக்கு அவ்வளவு சிரமமில்லை, 90 டிகிரியை ஒட்டிய சூடே அதற்குப் போதும்.

மதியம் சரிவின் நடுவே, கையுறையோடு, நின்றபடியே சாப்பாடு. இங்கே எதிரி உறைதல். தக்காளியும் வெள்ளரியும் வைத்த சாண்ட்விச் உறைந்து கண்ணாடியாகும். நிலக்கடலை வெண்ணெய், சீஸ், கொட்டைகள் போன்ற கொழுப்பு மிகுந்தவையும் உலர்ந்தவையும் அவ்வளவு உறைவதில்லை, காரணம் அவற்றில் உறைவதற்குத் தண்ணீர் குறைவு. அதையும் முதுகுப்பையில் வைக்காமல் உள்சட்டைப் பையில் வைத்தால் உடம்புச் சூடு பார்த்துக்கொள்ளும்.

சனி இரவுதான் பெரிய விருந்து. எட்டுப் பேரில் ஒருவர் சைவம், ஒருவருக்குப் பால் ஆகாது, ஒருவருக்குக் காரம் ஆகாது. எட்டுச் சமையல் செய்ய முடியாது. நடுவில் எல்லோரும் சாப்பிடக்கூடிய ஒரு பெரிய பானைப் பயறுக் குழம்பு. சுற்றிலும் சிறு கிண்ணங்களில் வறுத்த இறைச்சி, துருவிய சீஸ், நறுக்கிய வெங்காயம், மிளகாய், எலுமிச்சை. அவரவர் தட்டை அவரவர் முடித்துக்கொள்ளட்டும். ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் ஃபாண்டூவும் இதற்குப் பொருத்தமானது. ஒயினில் உருகிய சீஸில் ரொட்டித் துண்டை முக்கிச் சாப்பிடும் உணவு அது. ஒயினின் அமிலமும் உப்புகளும் சீஸில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் புரதம் திரளாமல் வழவழவென்று நிற்கிறது. அதற்குக் கொதிநிலையே வேண்டாம். உயரத்தைப் பற்றிக் கவலைப்படாத உணவு.

ஞாயிறு காலை முட்டை, மிச்ச ரொட்டி, மிச்ச சீஸ் எல்லாவற்றையும் ஒரே வாணலியில் போட்டுக் கிளறினால் பையும் காலி. கேக் செய்யும் ஆசையை மட்டும் கீழேயே விட்டுவிட வேண்டும். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் மாவுக்குள் வாயு அதிகமாக விரியும். கேக் வேகமாக எழும்பி, சுவர் இறுகுவதற்குள் நடுவில் அமுங்கிவிடும். பேக்கிங் பவுடரைக் குறைத்துச் சரிசெய்யலாம், ஆனால் பசித்த எட்டுப் பேர் முன்னிலையில் செய்துபார்க்கும் பரிசோதனை அல்ல அது.

பெரிய பானையின் இரண்டு முகம்

கூட்டுச் சமையலில் கடைசியாக ஒரு கணக்கு. பாத்திரத்தின் நீள அகல உயரங்களை இரண்டு மடங்காக்கினால் உள்ளே பிடிக்கும் குழம்பு எட்டு மடங்காகிறது. வெப்பம் வெளியேறும் பரப்போ நான்கு மடங்குதான். அதனால் பெரிய பானை மெதுவாக ஆறும். கடைசிச் சரிவில் ஒரு சுற்று அதிகம் போய்விட்டுத் தாமதமாக வருகிறவருக்கும் சூடான குழம்பு காத்திருக்கும். இது அதன் நல்ல முகம்.

மறுமுகம் சாப்பிட்டு முடித்த பிறகு தெரியும். மிச்சக் குழம்பு அதே மெத்தனத்தோடுதான் ஆறும். 60 டிகிரிக்குக் கீழும் 4 டிகிரிக்கு மேலும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதித்தாலும் சாகாதவை. 89 டிகிரி அவற்றுக்கு ஒரு பொருட்டே அல்ல. குழம்பு 45 டிகிரியை ஒட்டி வரும்போது அவை விழித்துக்கொண்டு ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இரண்டு மணி நேரத்தில் ஒன்று நாலாயிரமாகும்.

வெளியேதான் பனி இருக்கிறதே, மூடிப் புதைத்துவிடலாம் என்று தோன்றும். பஞ்சுபோன்ற பனிக்குள் அடைபட்டிருப்பது காற்று. அது நல்ல கம்பளி. சூடான பாத்திரத்தைப் புதைத்தால் சுற்றிலும் கொஞ்சம் உருகி, ஓர் இடைவெளி விழுந்து, பாத்திரம் தன் சூட்டைத் தானே போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். பனி உருக்கும் பாத்திரத்தின் அடியில் பார்த்த அதே வெற்றிடம்தான் இங்கேயும். குழம்பை அகலமான தட்டுகளில் ஆழமில்லாமல் பிரித்து ஊற்றி, பனியும் தண்ணீரும் கலந்த தொட்டியில் நிறுத்திக் கிளறினால் சீக்கிரம் ஆறும். இன்னும் எளிய வழி, மிச்சம் வராத அளவுக்குக் கொண்டுபோவது. கம்பளிபோன்ற அதே பனி காய்கறிக்கு நண்பன்: வெளிக்காற்று கடுங்குளிராக இருக்கும் இரவில், ஆழமான பனிக்கடியில் தரையை ஒட்டிய இடம் உறைநிலைக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அடைத்த மரவீட்டுக்குள் கேஸும் விறகும் எரியும்போது நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரக்கூடும். குளிரடித்தாலும் சமைக்கும் நேரத்தில் ஒரு ஜன்னலைச் சற்றே திறந்துவைப்பதும், புகைபோக்கியைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்ப்பதும் சமையலின் பகுதிதான்.

அடுத்த முறை அந்த எட்டுப் பேர் மரவீட்டுக்குப் போகும்போது பெட்டியில் ஒரு சிவந்த செங்கல் இருக்கும். போன வாரம் ஒருவர் வீட்டு குக்கரில் குழைய வெந்து, தக்காளி சேர்ந்து, உறைந்த ராஜ்மா. சனி மாலை அது அடுப்பில் ஏறும், அரைமணியில் கொதிக்கும், கரண்டியில் எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டியதே இருக்காது. சாப்பிட்டு முடித்து, தட்டுகளைக் கழுவிவைத்துவிட்டு, யாராவது ஒருவர் காலணியை மாட்டிக்கொண்டு வாளியோடு வெளியே போவார். நட்சத்திர வெளிச்சத்தில் பனியை அள்ளிவந்து, அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர் இருக்கும் பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அணையப்போகும் விறகு அடுப்பின்மேல் வைத்துவிட்டுப் படுப்பார். காலையில் எட்டுப் பேரும் எழும்போது ஓட்ஸுக்கும் டீக்கும் தண்ணீர் தயாராக இருக்கும்.